கூட்டினால் வராத கூட்டுத்தொகை

ஒரு ஜவுளிக்கடையின் அன்றைய விற்பனை அறிக்கை திரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றே வரிகள். சட்டை 40, ஒன்று 500 ரூபாய், விற்பனை 20,000. வேட்டி 10, ஒன்று 300 ரூபாய், விற்பனை 3,000. சேலை 5, ஒன்று 2,000 ரூபாய், விற்பனை 10,000. அடியில் தடித்த எழுத்தில் மொத்தம். அங்கே 33,000 இருக்க வேண்டும். இருப்பதோ 51,333.

கணக்கு பார்ப்பவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார், 33,000தான் வரும். திரையைப் பார்ப்பார், 51,333தான் நிற்கும். மூன்று வரிகளும் பைசா பிசகாமல் சரி. கடைசி வரி மட்டும் எங்கோ போய்விட்டது. இத்தனை பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு மூன்று எண்களைக் கூட்டத் தெரியவில்லையா என்று எரிச்சல் வருவது நியாயம். பவர் பிஐ போன்ற வணிகப் பகுப்பாய்வுக் கருவிகளைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையில் அந்த மென்பொருள் தப்பாகக் கூட்டவில்லை. அது கூட்டவே இல்லை.

நமக்குப் பழக்கமான மொத்தம் காகிதத்தில் பிறந்தது. மேலே எண்கள், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே விடை. பிளேஸ் பாஸ்கல் 1642இல் தன் கூட்டல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியதே, ரூவான் நகரில் வரிக்கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தன் தந்தைக்கு உதவத்தான். 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது 254 வரி, 63 நெடுவரிசை. அங்கேயும் மொத்தம் என்றால், இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டம் வரை உள்ள எண்களைச் சேர்த்துச் சொல் என்பதுதான். இன்றைய எக்செல் தாளில் வரிகள் 10,48,576 ஆகிவிட்டன. மொத்தத்தின் பொருள் மாறவில்லை. விரிதாளின் மொத்தம் தனக்கு மேலே உள்ள கட்டங்களைப் பார்க்கிறது.

பகுப்பாய்வுக் கருவியின் மொத்தம் தனக்கு மேலே எதையும் பார்ப்பதில்லை. அங்கே நாம் கட்டத்துக்குக் கட்டம் சூத்திரம் எழுதுவதில்லை. ஒரே ஒரு கேள்வியை எழுதிவைக்கிறோம். பவர் பிஐயில் அதற்கு மெஷர் என்று பெயர். நம் கடை அறிக்கையில் எழுதிவைத்த மெஷர் இது: அளவின் கூட்டுத்தொகையை விலையின் சராசரியால் பெருக்கு. சட்டை வரிக்கு வரும்போது கருவி மற்ற தரவையெல்லாம் வடிகட்டிவிட்டு, சட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறது. 40 பெருக்கல் 500. வேட்டிக்கும் சேலைக்கும் அப்படியே. ஒரு பொருளுக்கு ஒரே விலை என்பதால் சராசரி என்ற சொல் அங்கே தொந்தரவு செய்வதில்லை. மொத்த வரிக்கு வரும்போது கருவி செய்வது ஒன்றுதான்: பொருள் என்ற ஃபில்டரைக் கழற்றிவிடுகிறது. கழற்றிவிட்டு, முழுத் தரவையும் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது. அளவு மொத்தம் 55. மூன்று விலைகளின் சராசரி 933 ரூபாய் 33 காசு. இரண்டையும் பெருக்கினால் 51,333. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். நாம்தான் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டோம். மூன்று வரிகளிலும் அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை, மொத்த வரி காட்டிக்கொடுத்துவிட்டது.

எக்செல்லின் பிவட் டேபிளும் இதில் சளைத்ததில்லை. அதில் அளவு பெருக்கல் விலை என்று கணக்கிடப்பட்ட புலம் ஒன்றைச் சேர்த்தால், மொத்த வரியில் அளவுகளின் கூட்டை விலைகளின் கூட்டால் பெருக்கும். 55 பெருக்கல் 2,800. நம் சின்னக் கடை ஒரே நாளில் 1,54,000 ரூபாய்க்கு விற்றுவிட்டதாகச் சொல்லும்.

இதற்கு மருந்து எளிது. பவர் பிஐயின் டாக்ஸ் மொழியில் சம்எக்ஸ் என்று ஒரு செயற்பாடு இருக்கிறது. பட்டியலை வரி வரியாக எடுத்து, ஒவ்வொரு வரியிலும் முதலில் அளவையும் விலையையும் பெருக்கி, எல்லாம் முடிந்தபின் கூட்டும். பெருக்கல் முன்னே, கூட்டல் பின்னே. இப்படிக் கேட்டால் சட்டை வரியிலும் சரி, மொத்த வரியிலும் சரி, விடை நாம் எதிர்பார்த்ததுதான்: 33,000.

ஆனால் எந்த வரி வரியாக என்ற கேள்வி அவ்வளவு எளிதில் விடாது. அதே கடைக்கு மூன்று கிளைகள். ஒரு மாதத்தில் கடைவீதிக் கிளை 10 லட்சம், பேருந்து நிலையக் கிளை 4 லட்சம், புறவழிச்சாலைக் கிளை 1 லட்சம் விற்கின்றன. விற்பனை 3 லட்சத்தைத் தொட்டால் கிளைக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதல் இரண்டு கிளைகளுக்கும் தலா 10,000, மூன்றாவதற்குச் சுழியம். மொத்தம்? நம் கணக்கில் 20,000. கருவியின் கணக்கில் 10,000. மொத்த வரியில் அது கிளைகளைப் பார்க்கவில்லை. 15 லட்சம் என்ற ஒரே விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியதா என்று பார்த்தது, தாண்டியது, ஒரு 10,000 கொடுத்தது.

கிளை கிளையாகப் பார்த்துக் கூட்டு என்று சம்எக்ஸிடம் சொன்னால் 20,000 வந்துவிடும். அப்பாடா என்று விட்டுவிட முடியாது. யாரோ ஒருவர் மாதத்துக்குப் பதில் ஒரு காலாண்டைத் தேர்ந்தெடுக்கிறார். மாதம் ஒரு லட்சம் மட்டுமே விற்கும் புறவழிச்சாலைக் கிளைக்கு மூன்று மாதங்கள் சேர்ந்து 3 லட்சம் ஆகிவிடுகிறது. ஒரு மாதம்கூட இலக்கைத் தொடாத கிளைக்கு ஊக்கத்தொகை விழுகிறது! மூன்று மாதமும் இலக்கைத் தாண்டிய கடைவீதிக் கிளைக்கோ 30,000க்குப் பதில் 10,000. இலக்கு கிளைக்கு மாதம் ஒன்றுக்கா, காலாண்டுக்கா? இதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் மாதத்துக்கு என்றால், கிளையும் மாதமும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பிறகு கூட்ட வேண்டும். மொத்தம் தப்பாக வருகிறது என்று வரும் புகார்களில் பாதிக்குமேற்பட்டவற்றுக்குக் காரணம் இப்படி முடிவெடுக்காமல் விட்ட வணிக விதிகள்தான் என்பது என் எண்ணம். மென்பொருளைத் திட்டுவதற்கு முன் முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் குறுக்கு வழி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வரியில் ஒரே ஒரு கிளைதான் இருக்கிறதா என்று ஹேஸ்ஒன்வேல்யூ என்ற செயற்பாட்டால் சோதித்து, இல்லையென்றால் இது மொத்த வரி என்று முடிவுகட்டி வேறு சூத்திரத்தை ஓட்டுவது. பார்ப்பவர் ஒரே ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுக்கும்வரை இது வேலை செய்யும். அப்போது மொத்த வரியிலும் ஒரே கிளைதான் இருக்கும். கருவி அதைச் சாதாரண வரி என்று நினைத்துக்கொள்ளும். இதற்காகவே பின்னர் இஸ்இன்ஸ்கோப் என்ற செயற்பாடு வந்தது.

எந்தக் கணக்கை வரிகளிலிருந்து கூட்டிக்கொள்ளலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதற்கு ஒரு தெளிவான வகைப்பாடு உண்டு. அது மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் 1996இல் ஒரு மாநாட்டில் முன்வைத்து, 1997இல் விரிவாக வெளியிட்ட தரவுக் கனசதுரம் பற்றிய கட்டுரையில் இருக்கிறது. தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் அன்றைக்கு உள்மொத்தங்கள் எடுப்பது பெரும் இம்சை. ஆறு கோணங்களில் ஒரு குறுக்கு அட்டவணை வேண்டுமென்றால் 64 தனித்தனி வினவல்களை எழுதி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கோணமும் வரியாக விரியலாம் அல்லது மொத்தமாகச் சுருங்கலாம் என்பதால் இரண்டின் ஆறாம் அடுக்கு. இதை ஒரே கட்டளையில் அடக்கத்தான் கியூப் என்ற யோசனையை அவர்கள் முன்வைத்தார்கள். பின்னர் அது எஸ்க்யூஎல் தரத்திலேயே இடம்பெற்றது. கிரே 1998இல் டூரிங் விருது பெற்றார். 2007 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

அந்தக் கட்டுரை கணக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கூட்டுத்தொகை, எண்ணிக்கை, பெருமம், சிறுமம். பகுதிகளின் விடை கையில் இருந்தால் முழுமையின் விடை தானாக வந்துவிடும். கிளைகளின் விற்பனையைக் கூட்டினால் கடையின் விற்பனை. கிளைகளின் பெரிய பில்களில் பெரியது கடையின் பெரிய பில்.

இரண்டாம் வகையில் சராசரி, விகிதம், திட்டவிலக்கம். பகுதிகளின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு முழுமைக்குப் போக முடியாது; ஆனால் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு மூன்று எண்களை எடுத்துவந்தால் போய்விடலாம். நம் மூன்று கிளைகளின் லாபம் முறையே 20, 10, 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 60 சதவீதம், அபத்தம். சராசரி பார்த்தால் 20 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. லாபம் ரூபாயில் 2 லட்சம், 40 ஆயிரம், 30 ஆயிரம், சேர்த்தால் 2,70,000. விற்பனை 15 லட்சம். ஆக 18 சதவீதம். இங்கே கருவியின் வழக்கமான குணம் நமக்குச் சாதகம். லாபத்தின் கூட்டை விற்பனையின் கூட்டால் வகு என்று எழுதிவைத்திருந்தால், மொத்த வரியில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு 18 என்ற சரியான விடையைத் தந்துவிடும். சட்டை, வேட்டி கணக்கில் நம்மைக் கவிழ்த்த அதே குணம்தான் இங்கே காப்பாற்றுகிறது.

சராசரிகளின் சராசரி எடுப்பது ஒரு நாட்டின் நிதிக்கொள்கை வரை போகக்கூடிய விஷயம். பொருளாதார வல்லுநர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அரசுக்கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகச் சரிகிறது என்றது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அதை ஓயாமல் மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் சேர்ந்து 2013இல் அந்த ஆய்வின் எக்செல் கோப்பைப் பிரித்துப் பார்த்தார். சராசரி எடுத்த கட்டம் 30ஆம் வரியிலிருந்து 49 வரை போகாமல் 44ஆம் வரியிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. செய்தித்தாள்களுக்கு இதுதான் பெரும் தீனி. ஆனால் அதனால் வந்த வித்தியாசம் சிறியது. பெரிய வித்தியாசம் சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதிலும், சராசரி எடுத்த விதத்திலும் இருந்தது. பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கு ஒரு சராசரி, நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்கு ஒரு சராசரி. பிறகு இரண்டுக்கும் சம எடை. அந்த ஒற்றை ஆண்டு மைனஸ் 7.6 என்று கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியபோது விடை பிளஸ் 2.2 சதவீதம். கட்டம் விடுபட்டதை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள்; சம எடை கொடுத்ததை விட்டுக்கொடுக்கவில்லை. அது பிழையா, தேர்வா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

விகிதங்களின் மொத்தத்தில் இன்னொரு வம்பும் இருக்கிறது. கூட்டல் முழுக்கச் சரியாக இருந்தும் தீர்ப்பு தலைகீழாகலாம். 1986இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சிறுநீரகக் கல் சிகிச்சை ஆய்வு இதற்கு அழகான சாட்சி. சிறிய கற்களுக்குத் திறந்த அறுவை சிகிச்சை செய்த 87 பேரில் 81 பேருக்குப் பலன், அதாவது 93 சதவீதம். துளைவழிச் சிகிச்சையில் 270 பேரில் 234, அதாவது 87 சதவீதம். பெரிய கற்களில் திறந்த சிகிச்சை 263க்கு 192, அதாவது 73 சதவீதம். துளைவழி 80க்கு 55, அதாவது 69 சதவீதம். இரண்டு வரிகளிலும் திறந்த சிகிச்சைதான் முன்னணி. மொத்த வரி என்ன சொல்கிறது? திறந்த சிகிச்சை 350க்கு 273, 78 சதவீதம். துளைவழி 350க்கு 289, 83 சதவீதம். கூட்டிப் பாருங்கள், ஓர் ஆள்கூட விடுபடவில்லை. சிக்கலான பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த சிகிச்சைக்கே போயின என்பதுதான் சங்கதி. இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். மொத்த வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் மேலாளர்கள் இந்த அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

கிரேயின் மூன்றாம் வகைக்குப் போகுமுன் கிடங்கை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். ஜனவரி முடிவில் 300 சேலை இருப்பு, பிப்ரவரியில் 280, மார்ச்சில் 350. காலாண்டின் இருப்பு 930 அல்ல, 350. ஆனால் மூன்று கிளைகளின் மார்ச் இருப்பைத் தாராளமாகக் கூட்டலாம். இடத்தோடு கூட்டலாம், காலத்தோடு கூட்டக் கூடாது. வங்கி இருப்பும் ஊழியர் எண்ணிக்கையும் இதே சாதி. ரால்ஃப் கிம்பால் 1996இல் எழுதிய தரவுக்கிடங்குக் கையேடு இவற்றை அரைக்கூட்டல் அளவைகள் என்று தனியாகப் பிரித்துவைத்தது. இவற்றுக்கு மொத்த வரியில் கடைசித் தேதியின் மதிப்பை எடு என்று தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் வகைதான் முரட்டு வகை. இடைநிலை, அடிக்கடி வரும் மதிப்பு, தனித்த எண்ணிக்கை. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை எண்களை எடுத்துவந்தாலும் போதாது. மூலத் தரவுக்கே திரும்பிப் போக வேண்டும். ஜனவரியில் 400 வாடிக்கையாளர், பிப்ரவரியில் 450, மார்ச்சில் 500. காலாண்டில் எத்தனை பேர்? கூட்டினால் 1,350. கருவி 820 என்று சொல்லலாம், 500 என்றும் சொல்லலாம். திரும்பத் திரும்ப வந்தவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. ஜனவரியில் வந்தவரே மார்ச்சில் வந்தாரா என்று தெரிய, வந்த ஒவ்வொருவரின் எண்ணையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் என்றால் பரவாயில்லை. நூறு கோடிப் பேர் என்றால்?

இதற்கு பிலிப் ஃபிளஜோலே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரும் மூன்று சகாக்களும் 2007இல் கண்டுபிடித்த ஹைப்பர்லாக்லாக் என்ற உத்தியை நினைத்தால் இன்றும் வியப்புதான். ஒருவர் நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தார், ஒரு கட்டத்தில் தொடர்ந்து பத்து முறை தலை விழுந்தது என்று சொன்னால், அவர் ஏறத்தாழ ஆயிரம் முறை முயன்றிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். அதே தந்திரம்தான். ஒவ்வொரு வாடிக்கையாளர் எண்ணையும் தாறுமாறான சுழியம்-ஒன்று வரிசையாக மாற்றி, தொடக்கத்தில் அதிகபட்சம் எத்தனை சுழியங்கள் வந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒரே ஆள் நூறு முறை வந்தாலும் அதே வரிசைதான் வரும் என்பதால் இரட்டை எண்ணிக்கைக்கு இடமில்லை. ஒரே குறிப்பை நம்பாமல் ஆயிரக்கணக்கான சிறு குறிப்புகளாகப் பிரித்துச் சராசரி பார்க்கிறது. 1.5 கிலோபைட் நினைவகத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட தனித்த மதிப்புகளை ஏறத்தாழ 2 சதவீதப் பிழையோடு சொல்லிவிடும். நமக்கு இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு: மூன்று மாதக் குறிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒவ்வொரு இடத்திலும் பெரியதை எடுத்தால் காலாண்டின் குறிப்பு கிடைத்துவிடும். கூட்டவே முடியாததைத் தோராயமாகச் சேர்க்கக் கூடியதாக மாற்றிவிட்டார்கள். டாக்ஸ் மொழியிலும் சில தரவுத்தளங்களுக்குத் தோராயத் தனித்த எண்ணிக்கை என்று ஒரு செயற்பாடு இருக்கிறது. பங்குதாரர்களுக்குப் போகும் அறிக்கையில் அதைப் போட வேண்டாம். அன்றாடக் கண்காணிப்புக்குத் தாராளம்.

ஒவ்வொரு முறையும் மூலத் தரவுக்கே திரும்பிப் போய்க் கணக்குப் போடுவதற்கு நேரம் ஆகாதா? ஆகாதபடி தரவை அடுக்கிவைத்திருக்கிறார்கள். இக்கருவிகள் பெரும்பாலும் தரவை வரி வரியாக அல்லாமல் நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கின்றன. விற்பனைத் தொகையைக் கூட்ட அந்த ஒரு நெடுவரிசையைத் தொட்டால் போதும்; வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் புரட்ட வேண்டியதில்லை. வரி விகிதம் 5 என்று மூவாயிரம் முறை அடுத்தடுத்து வந்தால், 5 என்பதையும் 3,000 என்பதையும் மட்டும் எழுதிவைத்துக்கொள்ளும். கூட்டும்போது மூவாயிரம் கூட்டலுக்குப் பதில் ஒரே பெருக்கல்.

சரியான கேள்வியைக் கேட்டு, சரியான வகையில் சேர்த்தபிறகும் சில்லறை இடிக்கலாம். கணினி இரும எண்களில் வாழ்கிறது, 0.1 என்ற பத்துக் காசை அதனால் முழுசாக எழுத முடியாது. பத்து முறை பத்துக் காசைச் சேர்த்தால் ஒரு ரூபாய் வராமல் 0.9999999999999999 வரும். பின்ன எண்களைக் கணினி சேமிக்கும் விதத்துக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி இயங்கும் எல்லாக் கணினியிலும் இது உண்டு. அந்தத் தரத்துக்குக் காரணகர்த்தாக்களில் முதன்மையான வில்லியம் கஹான், 1965இலேயே இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார்: ஒவ்வொரு கூட்டலிலும் உதிரும் துளியைத் தனியாக ஒரு மூலையில் சேர்த்துவைத்து அடுத்த கூட்டலில் திரும்பச் சேர்த்துவிடு. பைதான் மொழியின் 3.12 பதிப்பு இந்த வழியின் மேம்பட்ட வடிவத்தைத் தன் சாதாரணக் கூட்டல் செயற்பாட்டிலேயே புகுத்திவிட்டது. பணத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. பவர் பிஐயில் நிலையான தசம எண் என்று ஒரு வகை இருக்கிறது, நான்கு தசம இடங்களோடு முழு எண்ணாகவே சேமிக்கும். நான்கு இடங்கள் போதும் என்றால், பணம் உள்ள நெடுவரிசைகளை அந்த வகைக்கு மாற்றிவிடலாம்.

துளிதானே என்று விட்டால் என்ன ஆகும் என்பதை வான்கூவர் பங்குச்சந்தை அனுபவித்தது. 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீட்டெண், ஒவ்வொரு கணக்கீட்டுக்குப் பிறகும் மூன்று தசம இடங்களோடு வெட்டப்பட்டது. அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்கப்படவில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான கணக்கீடுகள். 1983 நவம்பரில் குறியீடு 524.811இல் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1,098.892.

வெறும் காட்சிக்காக முழுமையாக்குவதில் வரும் வித்தியாசம் வேறு, அது பிழையே இல்லை. 2.4, 3.4, 4.4 லட்சங்களைத் திரையில் 2, 3, 4 என்று காட்டி, மொத்தம் 10.2ஐ 10 என்று காட்டினால், கையால் கூட்டுபவருக்கு 9 வரும். யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் எழுந்து நிற்பார். முழுமையாக்கியதால் கூட்டு பொருந்தாமல் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போடும் வழக்கம் இவருக்காகவே வந்தது.

கடைசியாக, மொத்தம் முழுத் தரவையும் பார்க்கிறது என்றால், முழுத் தரவு என்பது எது? இங்கேதான் நிஜமான ஆபத்து. எக்செல்லில் ஓர் எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? பெரும்பாலும் அது எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண். கூட்டல் செயற்பாடு அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எதிர்த்திசையிலும் நடக்கும். ஒரு பில்லுக்கு 50 ரூபாய் டெலிவரி கட்டணம், அந்தப் பில்லில் மூன்று பொருட்கள். பில் அட்டவணையையும் பொருள் அட்டவணையையும் இணைத்தால் அந்த 50 மூன்று வரிகளிலும் வந்து நின்று 150 ஆகும். கட்டணம் கொழுத்துக்கொண்டே போகும், யாருக்கும் காரணம் புரியாது.

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பொதுச் சுகாதார அமைப்பு எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றியிருந்தது. அந்த வடிவத்துக்கு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. ஒருவருக்குப் பல வரிகள் வேறு. மிஞ்சியவை உதிர்ந்தன. மீதி வரிகளின் மொத்தம் அப்பழுக்கில்லாமல் சரியாக வந்தது.

அதனால் அறிக்கை தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூல அமைப்பில் எத்தனை வரிகள், கருவிக்குள் வந்துசேர்ந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை அறிக்கையின் ஓரத்தில் எப்போதும் காட்டுங்கள். மொத்த வரி மேலே உள்ளவற்றின் கூட்டு இல்லையென்றால், அது என்ன என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: தனித்த வாடிக்கையாளர், மாத இறுதி இருப்பு, விற்பனையின் எடையிட்ட சதவீதம். டேப்லோ என்ற பகுப்பாய்வுக் கருவியில் மொத்தத்தைத் தானியங்கி என்பதிலிருந்து கூட்டல், சராசரி என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாற்றினால் அதையும் எழுதுங்கள். அறிக்கையை வாங்கிப் பார்ப்பவர்கள் மொத்தம் இடித்தால் உடனே தப்பு என்று சொல்லிவிடாமல், இது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று முதலில் கேளுங்கள். எழுதியவருக்கே பதில் தெரியவில்லையென்றால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.